சம்பந்தி விரித்த சேலை

நெல்லித்தோப்பு புருஷோத்தமன் வேலை பார்த்த ஜவுளிக்கடைக்கே அன்றைக்கு வாடிக்கையாளராகப் போனார். கடை திறந்த காலத்திலிருந்து பட்டுப் பிரிவில் சேல்ஸ்மேன். தீபாவளிக் கூட்டம் ஓய்ந்த கையோடு, "வயசாயிடுச்சு, வீட்ல ரெஸ்ட் எடுங்க" என்று சின்ன முதலாளி சீட்டைக் கிழித்துவிட்டார்.

மகள் ஹேமலதாவைப் பெண் கேட்டு வந்தவர்களிடம் அதை அப்படியேவா சொல்ல முடியும்? "மேனேஜரா இருந்தேன், போதும்னு நானே விலகிட்டேன்" என்றார். ரெட்டியார்பாளையத்துச் சம்பந்தி தனக்கொடியம்மாள் அந்த மேனேஜருக்காகத்தான் தலையாட்டினாள். ஆட்டியவள் சும்மா இருந்தாளா? "நிச்சயதார்த்தச் சேலைய உங்க கடையிலயே எடுத்துடுவோம் சம்பந்தி. உங்க மூஞ்சிக்குத் தள்ளுபடி தராமயா போயிடுவாங்க?"

"அப்பா, சோபாவுல உக்காந்துகினு ஜூஸ் குடி. எதையும் தொடாத" என்று படியேறும்போதே ஹேமலதா காதில் போட்டாள்.

தொடவில்லைதான். ஹேமலதா மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை போட்ட பட்டை எடுத்துவைத்துவிட்டு, தனக்கொடியம்மாளோடு ரவிக்கைத் துணி பார்க்க நகர்ந்தாள். பக்கத்து மெத்தையில் தவளக்குப்பத்து அம்மாள் ஒருத்தி எதிலும் மனசு ஒட்டாமல் எழுந்துகொண்டாள். விற்கிற பெண்ணோ, போனால் போகட்டும் என்று சேலைகளை மடித்துக்கொண்டிருந்தாள். புருஷோத்தமன் ஜூஸைக் கீழே வைத்தார். எழுந்த கிராக்கி படி இறங்குவதா? அவர் இருக்கிற கடையிலா?

செருப்பைக் கழற்றியது தெரியாது, மெத்தை மேல் ஏறியது தெரியாது. கைக்கு எட்டிய பட்டை உதறித் தன் தோளிலேயே முந்தி விழப் போட்டுக்கொண்டார்.

"வாங்கவே வேணாம்மா. முந்திய மட்டும் பாத்துட்டுப் போங்க. உங்க நெறத்துக்கு இதத் தவிர வேற ஒண்ணு நெய்யல."

அந்த அம்மாள் திரும்பி வந்தாள், தடவிப் பார்த்தாள், பில் போடச் சொன்னாள். சேலை கைமாறிய பிறகுதான் அது ஹேமலதா எடுத்துவைத்த மாம்பழ மஞ்சள் என்று அவருக்கு உறைத்தது.

சின்ன முதலாளி கல்லாவிலிருந்தே சிரித்தார். "பாருங்க, நம்ம பழைய சேல்ஸ்மேன். நிறுத்திட்டாலும் கை நிக்கல." மனதாரப் பாராட்டித்தான் சொன்னார்.

ரவிக்கைத் துணியோடு திரும்பி வந்த தனக்கொடியம்மாள் சம்பந்தியை உச்சி முதல் உள்ளங்கால் வரை ஒருமுறை விலை பார்த்தாள். பிறகு அவர் முன்னால் இருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஏம்பா, எனக்கு ஒரு சேலை காட்டு. வெறுங்கையோட போவானேன். பொண்ணு எடுக்கறதத்தான் இதோட விட்டாச்சே."

"அப்பா, எறங்கு" என்றாள் ஹேமலதா. குரல் உடைந்திருந்தது.

புருஷோத்தமனின் கை அதற்குள் அலமாரிக்குப் போய்விட்டது. முதுகு நிமிர்ந்திருந்தது, தீபாவளிக்குப் பிறகு முதன்முறையாக.

"கரை பெருசா வேணுமா, சின்னதாம்மா?"