குப்பன் சொன்ன கடல் அடையாளம்

என் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வுக்கு முதுநகரிலிருந்து சிதம்பரத்துக்கு வேன் வைத்துக்கொண்டு போனோம். தேர்வு பொதுவில் நடக்கும், யார் வேண்டுமானாலும் உட்காரலாம், முடிந்ததும் பிரியாணி என்று அப்பா தெருவெல்லாம் சொல்லிவைத்ததில் பதினாலு பேர் ஏறிவிட்டார்கள். அத்தனை பேரும் கடலுக்குப் போகிறவர்கள்.

என் ஆய்வும் கடலைப் பற்றியதுதான். பார் என்று நாங்கள் சொல்வது கடலுக்கடியில் மீன் அண்டும் பாறைத் திட்டை. கரையில் தெற்கே எந்த இரண்டு அடையாளங்களும் வடக்கே எந்த இரண்டு அடையாளங்களும் ஒரே நேராகத் தெரிந்தால் படகு எந்தப் பாருக்கு மேல் நிற்கிறது என்று நாற்பத்திரண்டு பார்களுக்கு அப்பா சொன்னார், நான் எழுதினேன். அதுதான் நாலாம் இயல். மைசூர்க் கருத்தரங்கில் அதற்குப் பரிசு கிடைத்து, பல்கலைக்கழகத்தில் எங்கள் துறை வாசலில் ‘நமது சாதனைகள்’ பலகையில் போன வருடமே ‘கு. இசைவாணி’ என்று எழுதிவிட்டார்கள். அப்பா ஒருமுறை வந்து பார்த்து, அந்தக் ‘கு’வை மட்டும் விரலால் தடவிவிட்டுப் போனார்.

புவனகிரி தாண்டும்போது, அப்பாவோடு ஒரே படகில் போகும் அய்யனார் மாமா என் ஆய்வேட்டைப் புரட்டிப் புரட்டிச் சிரித்தார். பிறகு என் காதோடு சொன்னார்.

“இங்கெல்லாம் வலைய வுட்டா சேறுதாம்மா வரும். நாப்பத்திரண்டும் டூப்பு. ஒங்கப்பன் பெரிய கில்லாடி!”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. முன்சீட்டிலிருந்த அப்பாவின் தோளை உலுக்கி மெதுவாகக் கேட்டேன்.

“பின்ன? நெசத்த புஸ்தகத்துல போட்டா ஊர்ப்படகு பூரா அங்கதான நிக்கும்? பேரு நெசம்தான். அடையாளத்த மட்டும் மாத்திட்டேன்.”

அடப்பாவி மனுஷா! ஐந்து வருட உழைப்பு! பெற்ற அப்பனே காலை வாரினால் யாரிடம் போய் முறையிடுவது? கூடப்பிறந்தவனுக்குக்கூடப் பார் இருக்கும் இடத்தைச் சொல்லமாட்டார்கள் என்று மூன்றாம் இயலில் நானேதான் எழுதியிருக்கிறேன். எழுதிய மண்டைக்கு உறைக்கவில்லை. சொல்லிவிட்டால் பட்டம் போகும். சொல்லாமல் விட்டால் அது என்ன பட்டம்? சிதம்பரம் வரும்வரை இதையே மாற்றி மாற்றி யோசித்துக்கொண்டிருந்தேன்.

மதுரையிலிருந்து வந்த தேர்வாளர் நேராக நாலாம் இயலைத்தான் திறந்தார்.

“இந்த அடையாளங்களை எப்படிம்மா சரிபார்த்தீங்க?”

என் வாய் என்னைக் கேட்காமலே திறந்துகொண்டது. “சரிபார்க்கலை சார். எல்லாம் பொய்னு காலைலதான் தெரிஞ்சுது.”

என் வழிகாட்டி மகேஸ்வரி மேடம் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றினார்.

“ஒண்ணாவது உண்மையா இருக்கா? இல்லன்னா இதை நான் எப்படி ஏத்துக்கறது?”

கடைசி வரிசையில் அப்பா எழுந்தார்.

“எம்பொண்ணு மேல தப்பில்லைங்க, நான்தான் பொய் சொன்னேன். ஒண்ணு நெசமா சொல்றேன், எழுதிக்குங்க. கன்னிப்பாரு. தெக்க சிப்காட்டு பொகக்கூண்டும் ஒத்தப் பனையும் ஒண்ணா நிக்கணும். வடக்க லைட்டவுசும் சர்ச்சு கோபுரமும் ஒண்ணா நிக்கணும்.”

இதுவும் பொய்யோ? அய்யனார் மாமாவைப் பார்த்தேன். காலையில் சிரித்த மனுஷன் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். அவரைச் சுற்றி இருந்த எங்கள் ஊர்க்காரர்கள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்கள். ஒருத்தர் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. மனப்பாடம் செய்கிறார்!

அப்பா மறைத்த கதையையும் சேர்த்து அந்த இயலைத் திருத்தி எழுதித் தரச் சொல்லிவிட்டு, தேர்வாளர் பட்டத்துக்குப் பரிந்துரைத்தார். எல்லாரும் கைதட்டினார்கள். பிரியாணியை மட்டும் எங்கள் ஊர்க்காரர்கள் அவசர அவசரமாகச் சாப்பிட்டார்கள்.

மறுநாள் காலையில் அப்பா வெறும் படகோடு திரும்பினார். கன்னிப்பாருக்கு மேல் அதற்குள் ஏழு படகு நின்றதாம். மாமா அவரோடு பேசாமல் இறங்கிப் போய்விட்டார். அப்பாவைத் திட்டுவதா, காலில் விழுவதா என்று தெரியாமல் நான் மணலில் நின்றேன்.

“ஏம்பா அப்பிடிச் சொன்ன?”

அப்பா வலையை உதறி மடித்தார்.

“அத வுடு. போர்டுல டாக்டர்னு போடறப்ப முன்னாடி அந்தக் கு-வ எடுத்துட மாட்டாங்கள்ல?”