பேரிங் போயிருக்கட்டும்

வீட்டுச் சாமான் கெட்டுப்போகக் கூடாது என்றுதான் எல்லோரும் வேண்டிக்கொள்வார்கள். அந்தோணிராஜ் மட்டும், துணி உலர்த்தும் டிரையர் நன்றாகக் கெட்டுப்போயிருக்க வேண்டும் என்று அன்று காலைப் பூசையில் முழங்காலில் நின்று வேண்டிக்கொண்டு வந்திருந்தார். பேரிங்கோ, பெல்ட்டோ, எது போயிருந்தாலும் அவருக்குச் சம்மதம்.

காரணம் இருந்தது. ஜெலுத்தோங்கில், பதினோராவது மாடியில் இருந்த அந்த வீட்டில் டிரையர் சத்தம் போடுவது இது மூன்றாவது தடவை. முதல் தடவை திறந்து பார்த்தால் துணிகளோடு நான்கு கரண்டிகள். இரண்டாவது தடவை வீட்டுச் சாவி. இரண்டையும் போட்டது அவர் மனைவி தெரேசாதான். கோலாலம்பூரிலிருந்து மகள் கிறிஸ்டல், "அம்மாவ டாக்டர்கிட்ட காட்டுங்கப்பா, இது சும்மா மறதி இல்ல" என்று போனில் அழுதாள். அறுபத்தாறு வயதில் யாருக்குத்தான் மறதி இல்லை என்று இவர் எரிந்து விழுந்தார்.

இந்தத் தடவை டிரம் காலியாக இருந்தும் கடகடவென்று சத்தம் வந்தது. அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அப்படியானால் கோளாறு மெஷினுக்கு, தெரேசாவுக்கு ஒன்றுமில்லை. அன்றைக்கே ரிப்பேர்காரர் சீனி முகம்மதுவை வரச் சொல்லிவிட்டார்.

சீனி முகம்மது தகட்டைக் கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்தார். "பெல்ட் நல்லாத்தான் இருக்குண்ணே."

"பேரிங்க பாருங்க தம்பி. பழைய மெஷின்லா."

"பேரிங்கும் ஓகேலா. கையால சுத்துறேன் பாருங்க, சத்தமே இல்ல."

"அப்ப மோட்டாரு?"

"மோட்டாரு இன்னும் பத்து வருஷம் ஓடும்."

நல்ல சேதி கேட்டு முகம் செத்துப்போகிறவரைச் சீனி முகம்மது அதுவரை பார்த்ததில்லை. அந்த நேரம் பார்த்துத் தெரேசா தேநீர் கொண்டுவந்தாள். "சீனி கம்மியாதான் போட்டிருக்கேன் தம்பி, போதுமா?" என்று அக்கறையாகக் கேட்டாள். பார்த்தாயா, எவ்வளவு தெளிவாக இருக்கிறாள் என்று அந்தோணிராஜ் மனதுக்குள்ளேயே மகளோடு சண்டை போட்டார். தெரேசா முன்னறைக்குப் போய்த் துண்டுகளை மடிக்க உட்கார்ந்தாள்.

"பஞ்சு புடிக்கிற வலைக்குக் கீழ ஃபேன் இருக்குண்ணே. அதுலதான் என்னமோ விழுந்து கெடக்கு," என்று சொல்லிக்கொண்டே சீனி முகம்மது உள்ளே விரலை விட்டார். ஒரு பிடி சாம்பல் நிறப் பஞ்சு வந்தது. அதைப் பிரித்தார். உள்ளே இருந்ததைச் சட்டை நுனியில் துடைத்து, அந்தோணிராஜின் முகத்தைப் பார்க்காமல் அவர் கையில் வைத்தார்.

சிலுவை பொறித்த தங்கத் தாலி. நாற்பது வருஷத்துக்கு முன்னால், புக்கிட் மெர்தாஜாமில் அந்தோணிராஜ் தன் கையால் கட்டியது. சங்கிலி இன்று காலைகூடத் தெரேசாவின் கழுத்தில் கிடந்தது. அதில் என்ன தொங்குகிறது என்று கவுனுக்குள் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. எந்தப் புருஷனுக்குத் தோன்றும்?

வளையம் தேய்ந்து தானாக விழுந்திருக்கும் என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். வளையம் கல்லுப்போல இருந்தது. ஆனாலும் அவர் விடவில்லை. முன்னறைக்குப் போய், பதிலையும் தானே எடுத்துக் கொடுப்பதுபோல் கேட்டார்:

"தெரேசா, இது சங்கிலியிலேருந்து தானா நழுவிருச்சு, இல்லையா?"

அவள் தாலியைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். கல்யாணமான நாள் முதல் 'ஏங்க' என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லி அவரைக் கூப்பிட்டதில்லை அவள்.

"நான்தாண்ணே கழட்டினேன்," என்றாள் மரியாதையாக. "எங்க வீட்டுக்காரரு தவறிட்டாரு. அப்புறம் போட்டுக்கக் கூடாதில்ல? கவுன் பையில வெச்சேன், எங்கயோ போயிருச்சு. நல்லவேளை, எடுத்துக் கொடுத்தீங்க."

உள்ளே சீனி முகம்மது தகட்டை மூடி மெஷினை ஓடவிட்டார். துளி சத்தம் இல்லாமல் ஓடியது. அந்தோணிராஜ் நாற்காலியில் உட்கார்ந்து, யார் இருக்கிறார்கள் என்றும் பார்க்காமல் அழுதார்.

தெரேசாவுக்குப் பாவமாக இருந்தது. மடித்து வைத்திருந்த துண்டு ஒன்றை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"அழாதீங்கண்ணே. உங்களுக்கு அவரத் தெரியுமா?"

"தெரியும்," என்று அந்தோணிராஜ் துண்டை வாங்கிக்கொண்டார்.