விஜயதசமியன்று முறிந்த பிளேடுகள்

1

இந்தக் கதை எனக்கு ஒரு சிரிப்பிலிருந்து கிடைத்தது. ராஜபாளையத்தில் பலகையில் பூவேலை வெட்டித் தரும் பட்டறை ஒன்றில், மிஷின் ஓட்டிய பெண் கம்பி போல் மெல்லிய புது ரம்ப பிளேடின் இரு நுனியையும் உப்புத்தாளில் தேய்த்துவிட்டு மாட்டினாள். ஏன் என்று கேட்டேன். "தேய்க்காட்டி வழுக்கிரும்" என்றவள், தேவைக்கு அதிகமாகவே சிரித்தாள். பெயர்கூட நான் கேட்கவில்லை. ஆவுடையம்மாள் என்று வைத்துக்கொண்டேன். மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

2

எண்பத்தொன்பதாம் வருஷம், மேற்கு மலையில் மேகங்கள் திரண்டு

[வேண்டாம். மேகத்துக்கு இங்கே வேலையில்லை.]

விஜயதசமி காலையில் முதல் பிளேடு முறிந்தது. இது போதும்.

ஆவுடையம்மாள் தேக்குப் பலகையில் ஆண்டாள் கிளி வெட்டிக்கொண்டிருந்தாள். இரண்டாவது பிளேடு பிடியிலிருந்து நழுவி வளைந்தது. மூன்றாவதும் படக்கென்று போயிற்று. பட்டாளத்திலிருந்து லீவில் வந்திருந்த புருஷன் சோணைமுத்துவின் முகம் இருண்டுவிட்டது.

"ஏட்டி, நல்ல நாள்ல முத வேலையே முறியுது. இந்த மிஷின் உனக்கு ஆகல. ஸ்ரீவில்லிபுத்தூர் ஐயாதுரை விலைக்குக் கேட்டுக்கிட்டே இருக்காருல்லா? கடைத்தெருவுக்குப் போயி போன் போட்டு வரச் சொல்லுதேன், குடுத்துருவோம்."

அவன் ஊரில் இல்லாதபோது அவள் தானே வாங்கி, தானே பழகிய மிஷின். அது போனால் மறுபடியும் மில்லுக்குத்தான் போக வேண்டும்.

"செத்த நேரம் பொறுங்க" என்றாள்.

அவன் சைக்கிளை எடுக்கப் போனான்.

3

முதலில் சோணைமுத்துவை வில்லனாக்கினேன். பெண்டாட்டி தனியாகத் தொழில் செய்வது பொறுக்காமல் அவனே பிளேடுகளை

[அடித்துவிட்டேன். பாவம், அவன் அப்படிப்பட்டவன் இல்லை.]

அவள் திருகாணியைக் கழற்றி, பிளேடைக் கவ்வும் பிடிக்குள் விரலை விட்டாள். சந்தனம், குங்குமம், எண்ணெய் எல்லாம் குழைந்து விரலோடு வந்தன. ஆயுத பூஜைக்கு மிஷினைத் துடைத்து எண்ணெய் பூசி, சந்து பொந்து விடாமல் பொட்டு வைத்தவன் அவன்தான். அம்புட்டுப் பாசம்! அந்த வழுக்கலில்தான் பிளேடு தளர்ந்து முறிந்திருக்கிறது.

அப்பாடா! மிஷினிலும் குறையில்லை, தன் கையிலும் குறையில்லை. அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

பிடியை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தாள். பிளேடு நுனிகளை உப்புத்தாளில் தேய்த்து மாட்டி, சுண்டினால் 'டிங்' என்று கேட்கும்வரை இறுக்கினாள். கிளி மூக்கோடு முழுசாக வந்தது.

(பலகையை நெருக்கித் தள்ளினாலும் பிளேடு வளையும். கதைக்கு இது தேவையில்லை. தெரிந்ததைச் சொல்லாமல் எனக்கு இருப்புக் கொள்ளாது.)

4

மிஷின் சத்தம் கேட்டு, தெருமுனையில் சைக்கிளுக்குக் காற்றடிக்க நின்றிருந்த சோணைமுத்து திரும்பி வந்துவிட்டான். "இப்ப எப்படிட்டி ஓடுது?"

அவளுக்கு இரண்டு பதில் வைத்திருக்கிறேன்.

"துப்பாக்கிக் குழாய்க்குள்ளயும் இப்படித்தான் சந்தனம் அப்புவியளா?" இதைச் சொன்னால் அவன் சுருங்கிப்போவான். நாளைக்கு அவனுக்கு ரயில்.

"சாமி கண்ணத் தொறந்துருச்சு." இதைச் சொன்னால் சந்தோஷமாக ரயிலேறுவான். அடுத்த பூஜைக்கு இரண்டு மடங்கு சந்தனம் அரைப்பான்.

எதைச் சொன்னாலும் மிஷின் ஸ்ரீவில்லிபுத்தூர் போகாது. அதுவரை நான் பார்த்துக்கொண்டேன், எனக்கும் நிம்மதி. உங்கள் வீட்டில் எது எடுபடுமோ அதை அவளுக்கு எடுத்துக் கொடுங்கள். கொஞ்சம் சீக்கிரம், மனுஷன் சைக்கிளைப் பிடித்தபடி வாசலில் நிற்கிறான்.