எட்டாவது அட்மிஷன்

அட்மிஷனுக்கு ஆள் பிடிக்க ஊர் ஊராகப் போகிறவன் முதலில் ஷூவை மாற்ற வேண்டும். நான் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் துறை உதவிப் பேராசிரியர். முதல் வருடம் கயிறு கட்டும் ஷூவோடு கிளம்பினேன். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு வீடு. ஒவ்வொரு வாசலிலும் அவிழ்க்க வேண்டும், வெளியே வந்து கட்ட வேண்டும். கட்டுகிற அந்த இரண்டு நிமிடத்தில்தான் வீட்டுக்காரர் மனம் மாறுவார். "எதுக்கும் யோசிச்சு சொல்றோம் சார்." செருப்பாக இருந்தால், அவர் மனம் மாறுவதற்குள் தெருமுனையைத் தாண்டிவிடலாம்.

அடுத்தது போன் நம்பர் பட்டியல். பிளஸ் டூ முடித்த பிள்ளைகளின் நம்பர்கள் எங்கள் கல்லூரிக்கு எப்படியோ வந்து சேரும். அதே பட்டியல் இன்னும் முப்பது கல்லூரிகளுக்கும் அதே மாதிரி எப்படியோ போய்ச் சேரும். முதல் வாரம் பையன் போனை எடுப்பான். இரண்டாவது வாரம், "அவன் ஊர்ல இல்லீங்க" என்று அவனே சொல்வான். மூன்றாவது வாரம் மணி மட்டும் அடிக்கும். ஆகவே நேரில் போக வேண்டும். நேரில் போனால் எல்லாரும் மக்காச்சோளக் காட்டில் களை வெட்டிக்கொண்டிருப்பார்கள். வீட்டில் நாய் மட்டும் இருக்கும். அதற்குப் பொறியியலில் ஆர்வம் கிடையாது.

இந்த வருடம் எனக்கு எட்டுப் பேர் இலக்கு. பிரின்சிபால் தெளிவாகச் சொல்லிவிட்டார். "எட்டு வந்தா தெர்மோடைனமிக்ஸ் கிளாஸ் உங்களுக்கு. வரலைன்னா அட்மிஷன் செல்லுக்கு மாத்திடுவேன்." அட்மிஷன் செல் என்றால் ஆள் சேர்க்கிற பிரிவு; வருடம் முழுக்க பஸ். எனக்கோ உலகத்தில் தெரிந்த ஒரே சந்தோஷம், கரும்பலகையில் ஓர் என்ஜினைப் பிரித்துப்போட்டு, நாற்பது பிள்ளைகள் முன்னால் திரும்ப மாட்டுவது. கடைசி நாள் காலை என் கணக்கில் ஏழு பேர் இருந்தார்கள்.

எட்டாவது ஆளாக நான் நம்பியிருந்தது குன்னத்துக்குப் பக்கத்து ஊர்ப் பெண் மேகலாவை. அரசுப் பள்ளி, கட்-ஆஃப் இருநூறுக்கு நூற்று எழுபத்தெட்டு. கவுன்சிலிங்குக்கு ஆன்லைனில் கல்லூரிகளை வரிசையாகப் பதிய வேண்டும். அன்று மாலை ஐந்து மணியோடு அது முடிகிறது. அந்த வரிசையில் எங்கள் கல்லூரியை முதலாவதாகப் போடவைத்தால் போதும். பெரம்பலூரில் அரியலூர் பஸ் ஏறி, குன்னத்தில் இறங்கி, இரண்டு கிலோமீட்டர் நடந்தேன்.

வாசலில் ஏற்கனவே ஒரு ஜோடி செருப்பு கிடந்தது. பளபளவென்று, மாட்டியதும் நடக்கிற ரகம். எங்கள் தொழில்காரன் ஒருவன் உள்ளே இருக்கிறான் என்று புரிந்தது.

மணிவண்ணன். நெடுஞ்சாலையில் எங்களுக்கு எதிர்ப்பக்கம் இருக்கும் கல்லூரிக்காரர். கையில் டீயோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"வாங்க தலைவரே. லேட்டாயிட்டீங்க" என்றார்.

"நீங்களும் காலேஜா?" என்றார் மேகலாவின் அப்பா சாமிதுரை. "நான் கரண்டு ரீடிங் எடுக்க வந்தவருன்னு நெனச்சேன். உக்காருங்க. அம்சவள்ளி, இன்னொரு டீ."

"சக்கரை தீந்துபோச்சு" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "மொத சாரு மூணு கிளாஸ் குடிச்சுட்டாரு."

மேகலா போனை எனக்குக் காட்டினாள். பட்டியலில் ஒரே ஒரு கல்லூரி: மணிவண்ணனுடையது.

"ஒண்ணுதான் போட்டிருக்கியாம்மா?"

"இந்த சார்தான் சொன்னாங்க. முதல்ல போட்டாதான் கெடைக்குமாம். வேற எதையும் போட்டா கொழப்பமாயிடுமாம்."

இதை எங்களுக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நானே ஏழு வீட்டில் சொல்லியிருக்கிறேன். அன்று மட்டும், மணிவண்ணனின் காலை வாரிவிடும் ஆசையில், "அப்படி இல்லம்மா" என்று ஆரம்பித்துவிட்டேன். அதோடு நிறுத்தி, "எங்களதை முதல்ல போடு" என்று முடித்திருக்க வேண்டும்.

"எப்படி இல்ல?" என்றாள்.

எப்படி என்று யாராவது கேட்டால் எனக்கு மற்றதெல்லாம் மறந்துவிடும்.

"ஒரு கல்யாணப் பந்தின்னு வச்சுக்க. ரேங்க் வரிசைப்படி ஆளுங்க உள்ள வர்றாங்க. எந்த இலையில உக்கார ஆசைன்னு ஒவ்வொருத்தர் கையிலயும் ஒரு சீட்டு. வாசல்ல நிக்கிறவரு சீட்டை மேலேருந்து படிப்பாரு. முதல்ல எழுதின இலை காலியா இருந்தா அங்கேயே உக்கார வச்சுடுவாரு. இல்லன்னா அடுத்த வரியப் பாப்பாரு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். ஃபேனுக்கு அடியில இலை காலியா இருந்தாலும், நீ கை கழுவுற இடத்துக்குப் பக்கத்து இலைய முதல்ல எழுதியிருந்தா அங்கதான் சாப்பிடணும். அதனால கெடைக்குமா கெடைக்காதான்னு பாக்கக் கூடாது. ஆசைப்படுற வரிசையில எழுதணும். எத்தனை வேணும்னாலும் எழுதலாம்."

"யோவ், எங்க காலேஜ் கை கழுவுற இடமா?" என்றார் மணிவண்ணன்.

"நான் பேர் சொல்லலையே."

மேகலாவின் அம்மா அம்சவள்ளி கதவோரம் வந்து நின்றார். பக்கத்து வீட்டு ராசாத்தி தன் மகனை இழுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். அவன் போன் செய்ததும் நண்பர்கள் மூன்று பேர் வந்தார்கள். யாரோ ஒரு காலண்டர் அட்டையைத் திருப்பிக் கொடுத்தார்கள். அதில் நான் பந்தியை வரைந்தேன். அம்புக்குறி போட்டேன். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத் தனி ஒதுக்கீடு இருப்பதையும், அந்த வழியில் இடம் கிடைத்தால் கட்டணத்தை அரசே ஏற்பதையும் ஓரத்தில் தனிப் பந்தியாக வரைந்தேன். "இது புரியலைங்க" என்று பின்னாலிருந்து ஒருவர் சொன்னதும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன்.

மணிவண்ணன் என் காதருகே குனிந்தார். "தலைவரே, ரெண்டு பேரு பொழப்பையும் சேத்துக் கெடுக்கிறீங்க."

"இந்த ஒரு அம்புக்குறிய மட்டும் முடிச்சுக்கிறேன்."

நான்கரை மணிக்கு மேகலா பட்டியலை அழித்துவிட்டுப் புதிதாக எழுத ஆரம்பித்தாள். திருச்சி, தஞ்சாவூர், சேலம் என்று அரசுக் கல்லூரிகளாக வந்தன. அப்புறம் நல்ல தனியார் கல்லூரிகள். முப்பதைத் தாண்டியதும் நிமிர்ந்து பார்த்தாள்.

"சார், உங்க காலேஜை எங்க போடட்டும்?"

வீடே என்னைப் பார்த்தது. இப்போதும் ஒரு பொய் போதும். ஐந்து மணிக்கு இன்னும் கால் மணி நேரம் இருந்தது. ஆனால் என் கையில் அந்த அட்டை இருந்தது. நானே வரைந்த படத்தை நானே தவறென்று சொல்ல வேண்டும்.

"உன் ரேங்குக்கு எங்ககிட்ட வர வேண்டியதில்ல. போடணும்னா கடைசியில போடு."

"எங்களது?" என்றார் மணிவண்ணன்.

"அதுக்கும் கீழ."

"இவங்க லேப்ல கம்ப்ரஸர் ஓடாது பாப்பா. கேட்டுப் பாரு" என்றார் மணிவண்ணன், தோற்றாலும் கடைசி இடமாக மட்டும் இருக்கக்கூடாது என்கிற வேகத்தில்.

அது உண்மைதான். ஏன் ஓடாது என்பதையும் விளக்கினேன். வால்வு தேய்ந்துவிட்டது.

நான்கு ஐம்பதுக்கு அவள் பட்டியலைப் பதிந்தாள். சாமிதுரை என்னைப் பஸ் ஸ்டாப் வரை பைக்கில் கொண்டுவந்து விட்டார். மூன்று கிலோ சின்ன வெங்காயம் கொடுத்தார். "நல்லா வெளங்குற மாதிரி சொன்னீங்க. உங்க காலேஜ்ல படிக்கிற புள்ளைங்க குடுத்து வச்சதுங்க" என்றார்.

அரியலூரிலிருந்து வரும் பஸ்ஸுக்கு நின்றபோது பிரின்சிபால் கூப்பிட்டார்.

"எட்டாச்சா?"

"ஏழுதான் சார்."

"மத்தியானத்திலேருந்து அங்க என்ன பண்ணீங்க?"

"கிளாஸ் எடுத்தேன் சார்."

"எத்தனை பேருக்கு?"

"பதினொரு பேர். அஞ்சு பேரு பிளஸ் டூ."

"அதுல ஒண்ணு கூடவா தேறல?"

"எல்லாருக்கும் நல்லாப் புரிஞ்சிடுச்சு சார்."

"திங்கக்கிழமையிலேருந்து நீங்க அட்மிஷன் செல். ஜெயங்கொண்டம் பக்கம் ஆரம்பிங்க" என்று வைத்துவிட்டார்.

பஸ் வந்தது. உட்கார இடமில்லை. ஒரு கையில் வெங்காயமும் ஒரு கையில் கம்பியுமாக, பெரம்பலூர் வரை நின்றுகொண்டே போனேன்.