மாஸ்டருக்கு வந்த நோய்கள்

"ரிவர்ஸ் எடுங்க! இன்னும் கொஞ்சம்... போதும் போதும், சுவரு!" என்று வாசலில் யாரோ கத்திக்கொண்டிருந்தார்கள். மாஸ்டரம்மா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். தெரு முழுக்கக் கோணலும் மாணலுமாகக் கார்கள். துக்கத்துக்கு வந்திருந்த முக்கால்வாசிப் பேர் மாஸ்டரிடம் வண்டி ஓட்டப் பழகியவர்கள். ஒருத்தருக்காவது ஒழுங்காக நிறுத்தத் தெரியவில்லை. இதைப் பார்த்தால் மனுஷன் எழுந்து வெளியே போய்விடுவாரே என்று நினைத்து, கூடத்தில் குளிர்ப்பெட்டிக்குள் கிடந்த கணவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் எழுந்திருக்கவில்லை.

அவள் இன்னும் அழவில்லை. அழுகைக்கு இடம் கொடுக்காமல் ஒரு கவலை நெஞ்சில் உட்கார்ந்திருந்தது. மகள் விமான நிலையத்திலிருந்து வந்துகொண்டிருந்தாள். வந்ததும் அந்தக் கேள்வியைத்தான் கேட்பாள்.

மகள் வெளிநாட்டில் டாக்டருக்குப் படிக்கிறாள், கடைசி வருடம். நோயாளியிடம் கேட்க வேண்டியதை வரிசையாகக் கேட்டு நோயைக் கண்டுபிடிப்பதும் அங்கே ஒரு பரீட்சை. பழகிப் பார்க்க ஆள் இல்லையே என்று அவள் ஒருநாள் சலித்துக்கொண்டபோது, "நான் எதுக்கும்மா இருக்கேன்?" என்றார் மாஸ்டர். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் கூடத்து மேசையில் சர்க்கரை டப்பாமேல் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு நோயாளி ஆகிவிடுவார். மஞ்சள் காமாலை, சிறுநீரகக் கல், ஒற்றைத் தலைவலி என்று ஒரு வருடத்தில் அவருக்கு வராத நோய் கிடையாது. ஒருமுறை பிரசவ வலிகூட வந்தது. பக்கத்து வீட்டார் பயந்துபோய்க் கதவைத் தட்டிவிட்டார்கள். 'வலிக்குது' என்பதற்கு அந்த ஊர் பாஷையில் உள்ள வார்த்தையைக் கற்றுக்கொண்டு, ஆணி அடிக்கும்போது சுத்தியல் விரலில் பட்டாலும் அதையே சொல்லிக் கத்துவார். அவர் நிஜமாகத் தும்மினால்கூட மாஸ்டரம்மா நம்புவதை விட்டுவிட்டாள்.

"இங்க இடம் கிடைக்காம போன பொண்ணு. வெளிநாட்டு டாக்டராம்!" என்று மாஸ்டரம்மாவின் அண்ணன் வரும்போதெல்லாம் சீண்டுவார். மாஸ்டர் சிரித்து மழுப்பிவிடுவார். மாஸ்டரம்மாவுக்குத்தான் சுருக்கென்று தைக்கும்.

முந்தாநாள் சாயங்காலம் அவருக்கு வந்தது மூச்சிரைப்பு. நாலு வார்த்தைக்கு ஒருமுறை நிறுத்தினார். படுத்தால் மூச்சு முட்டுகிறது, கால் வீங்கியிருக்கிறது, ஆஸ்பத்திரி என்றாலே பயம் என்றார். மகள் துருவித் துருவிக் கேட்டுவிட்டு, "இதயம் சோர்ந்து போச்சுப்பா. இந்த ஆளு நாளைக்கு வரைக்கும் தாங்க மாட்டாரு. இன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணும்" என்றாள். "பாஸ்!" என்று கை தட்டினார் மாஸ்டர். உடனே சட்டையை மாட்டிக்கொண்டு, "ஒரு சின்ன வேலை, வந்துடறேன்" என்று வண்டியை எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் காலை, பேக்கரியில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணுக்கு ஓட்டச் சொல்லிக்கொடுக்கும்போது மாரடைப்பு வந்தது. ஆஸ்பத்திரி வாசலோடு எல்லாம் முடிந்துவிட்டது.

செய்தி சொன்னபோது மகள் போனில் ஒன்றுதான் கேட்டாள்: "நேத்து அப்பா நடிச்சாராம்மா, இல்ல நிஜமாவே இரைச்சுதா?"

"தெரியலைம்மா. நான் அடுப்படியில இருந்தேன்."

"என்கிட்ட சொல்லியிருக்காரு. நான் பாடம் ஒப்பிச்சிட்டுப் போனை வச்சிருக்கேன். எங்கப்பா மூச்சே எனக்குப் புரியல, இதுல ஊரைப் பார்த்துக் கிழிக்கப் போறேனா? நான் இனிமே அங்க திரும்பிப் போக மாட்டேன்."

அண்ணனிடம் இதைச் சொன்னதற்கு, "நடிப்புன்னு அடிச்சுச் சொல்லிடு. மாப்பிள்ளை எழுந்து வந்து இல்லேன்னு சொல்லப் போறாரா?" என்றார். அவள் பொய் சொன்னால் மகளுக்கு முகத்தைப் பார்த்தே தெரிந்துவிடும். அது அண்ணனுக்கு எங்கே தெரியப்போகிறது?

மகள் வந்தாள். பெட்டியின் மூடியைத் திறக்கச் சொன்னாள். எல்லாரும் அவள் அப்பாவின் முகத்தைத் தொடுவாள் என்று பார்த்திருக்க, அவள் கால்மாட்டில் மண்டியிட்டு, கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். விரலை எடுத்து, வீங்கிய காலில் விழுவதுபோல் குழி விழுகிறதா என்று பார்த்தாள். மறுபடி அழுத்தினாள். ஒருநாள் முழுக்கக் குளிரில் கிடந்த கால் என்ன பதில் சொல்லும்? அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். மாஸ்டரம்மா அவர் வேட்டி நுனியை இழுத்துக் காலை மூடினாள்.

அப்போது வாசலில் மாஸ்டரின் பயிற்சிக் கார் வந்தது. ஓட்டி வந்தது பேக்கரிப் பெண். பக்கத்தில் துணைக்கு, ஓட்டத் தெரிந்த ஒரு பையன். அத்தனை கோணல் வண்டிகளுக்கும் நடுவில் இண்டிகேட்டர் போட்டு, சுவரை ஒட்டி நூல் பிடித்தாற்போல் நிறுத்தினாள். உள்ளே வந்து சாவியை மாஸ்டரம்மா கையில் வைத்துவிட்டு, மகளிடம் திரும்பினாள்.

"நீங்கதானே வெளிநாட்டு டாக்டர்?"

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார்.

"எங்கப்பா உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னாரு."

"உங்கப்பாவா? அவரை எனக்குத் தெரியாதே."

"தெரியாதா? அவருக்கு ஒரு வாரமா மூச்சிரைப்பு. ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன்னு ஒரே அடம். முந்தாநாள் மத்தியானம் மாஸ்டர் வந்து பக்கத்துலயே உட்கார்ந்து ஒண்ணொண்ணா கேட்டாரு. எத்தனை தலையணை வச்சுப் படுக்கறீங்கன்னுகூடக் கேட்டாரு. கால்ல விரலை வச்சு அழுத்தினாரு. சாயங்காலம் திரும்ப வந்து, 'வெளிநாட்டு டாக்டர் சொல்லிட்டாங்க, இன்னிக்கே போகணும், கிளம்புங்க'ன்னாரு. யார் பேச்சையும் கேக்காத மனுஷன், வெளிநாட்டு டாக்டர்னதும் செருப்பை மாட்டிட்டாருங்க! அன்னிக்கு விட்டிருந்தா பிழைச்சிருக்க மாட்டாருன்னு அங்க சொன்னாங்க. இப்போ டீ குடுங்கடீன்னு நர்சுங்களை மிரட்டிக்கிட்டிருக்காரு."

மகள் கால்மாட்டிலிருந்து எழுந்தாள். "அப்போ எங்கப்பாவுக்கு மூச்சிரைக்கலையா?"

"மாஸ்டருக்கா? நேத்து காலைல அப்பாவைப் பார்க்கப் போகும்போது என்னையே ஓட்டச் சொல்லி, கிளட்சை மிதிக்கலைன்னு மூச்சு விடாம திட்டினாரு, தெருவே திரும்பிப் பார்த்துது. திடீர்னுதான் நெஞ்சுல கை வச்சாரு." அவள் மாஸ்டரம்மா கையிலிருந்த சாவியைப் பார்த்தாள். "'இண்டிகேட்டர் போட்டு ஓரமா நிறுத்துங்க'ன்னாரு. அதுக்கப்புறம் பேசலை."

யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். அண்ணன்தான். சிரித்தபடியே துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார்.

மாஸ்டரம்மாவுக்கு அப்போதுதான் அழுகை வந்தது, மடை திறந்த மாதிரி. அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டாள். நீ நல்லாயிருக்கணும் என்று சொல்ல நினைத்தாள், சொல்லவும் சொன்னாள். மகள் பயந்துவிடுவாள் என்று கடைசிவரை அது நிஜ நோயாளி என்பதையே மறைத்திருக்கிறார். ஊருக்கு ஒரு உயிர், மகளுக்கு ஒரு பரீட்சை, இரண்டையும் ஒரே சாயங்காலத்தில் முடித்துவிட்டு ஒன்றும் தெரியாதவர் போல வந்து சாப்பிட்டுப் படுத்திருக்கிறார். இப்படிப்பட்ட கள்ளனோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தக் கொடுத்து வைத்ததே என்று அவள் மனம் நிறைந்துபோனது.

அவரை எடுத்துப்போய் எல்லாம் முடிந்ததும், துக்கத்துக்கு வந்தவர்கள் கிளம்பினார்கள். வண்டிகளை வெளியே எடுக்கவே வெகுநேரம் ஆயிற்று. பேக்கரிப் பெண் மட்டும் கூடவே இருந்து வீட்டைக் கழுவிவிட்டாள். மாஸ்டரம்மா டீ போட்டாள். சர்க்கரை டப்பா அடுப்படியில் இல்லை; கூடத்து மேசையில் முந்தாநாள் வைத்தபடியே இருந்தது. போய் எடுத்து வந்தாள்.

கூடத்தில் மகளின் குரல் கேட்டது. தாழ்ந்த குரல்தான்.

"உங்கப்பாவுக்கு என்ன வயசு?"

பேக்கரிப் பெண் சொன்னாள்.

"முதல்ல மூச்சு வாங்கினது எப்போ? நடக்கும்போதா, சும்மா இருக்கும்போதா?"

மாஸ்டரம்மா கரண்டியோடு அப்படியே நின்றாள். அடுத்து தலையணையைக் கேட்பாள் என்று அவளுக்குத் தெரியும்.

"இப்போ ராத்திரி எத்தனை தலையணை வச்சுப் படுக்கிறாரு?"

இருவருக்கும் டீயைக் கொடுத்துவிட்டு, மாஸ்டரம்மா சர்க்கரை டப்பாவைத் துடைத்து மேசைக்குக் கொண்டுவந்து பழைய இடத்திலேயே வைத்து, தன் போனை அதன்மேல் சாய்த்தாள். எதிரே இருந்த அவருடைய நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தாள். அவர் உயரத்துக்கு அது சரி, இவளுக்கு ரொம்பத் தள்ளி இருந்தது. டப்பாவைக் கொஞ்சம் கிட்டே இழுத்து வைத்தாள்.