முதலிடத்துக்கு ஏறிய கேசியோ

ஹேமநாத்தின் யூடியூப் சேனலைப் பதினேழாயிரம் பேர் பின்தொடர்கிறார்கள். ஸ்ரீ சிட்டி ஃபேக்டரியில் ஷிஃப்ட் முடிந்து புத்தூர் வீட்டுக்கு வந்ததும், சட்டையைக்கூடக் கழற்றாமல் வாட்ச்களைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். எந்த பிராண்டுக்கு எத்தனையாவது இடம் என்று அவன் சொன்னால் சொன்னதுதான். மூன்று வருடமாக முதலிடம் செய்கோ ஆட்டோமேட்டிக். சிட்டிசன், டைட்டன் எல்லாம் அதற்குப் பிறகு. ஏழாவதாக ஒரு கேசியோ டிஜிட்டல். "டைம் பாத்துக்கலாம், அவ்ளோதான்" என்று அதற்கு ஒரு நக்கல் வேறு.

ஆடி மாதம் மகளுக்கு டெங்கு. நான்கு வயதுப் பிள்ளை. பிளேட்லெட் இறங்கிக்கொண்டே போனது. திருப்பதி ஆஸ்பத்திரி ஜன்னலில் மலையைப் பார்த்து நின்ற பிரமிளா, புருஷன் காதில் விழும்படியே வேண்டிக்கொண்டாள்.

"சாமீ, பாப்பா வூடு வந்து சேந்தா அவரோட நம்பர் ஒன் வாட்ச்சை உன் உண்டியல்ல போடறோம்."

ஹேமநாத்தும் கை கூப்பினான். அந்த நேரத்தில் கையையே வெட்டித் தரக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பான். நான்காம் நாள் பிளேட்லெட் ஏறியது. பிள்ளை வீட்டுக்கு வந்தது, இட்லி துன்றேன் என்றது. பிள்ளை தேறத் தேற, பாவி மனுஷனுக்கு வாட்ச் மேல் ஆசையும் தேறியது.

செய்கோவைக் கட்டுவான், கழற்றுவான், துடைப்பான். இரண்டு வாரம் சரியான தூக்கம் இல்லை. அப்போதுதான் அவனுக்கு அந்த யோசனை உதித்தது. பிரமிளா வேண்டிக்கொண்டது நம்பர் ஒன் வாட்ச். நம்பர் ஒன் எது என்று சொல்வது யார்?

மறுநாளே புது வீடியோ வந்தது. கேசியோ முதலிடம். வருஷக்கணக்கில் பேட்டரி வரும், கீழே விழுந்தாலும் ஓடும் என்று இருபது நிமிடம் அடுக்கினான். செய்கோவை ஏழாவதில் தள்ளும்போது மட்டும் குரல் கொஞ்சம் தடுமாறியது.

பார்த்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள். தடாவிலிருந்து சுனில் என்பவன், "அண்ணா, எவ்ளோ வாங்குனே?" என்று எழுதியிருந்தான். யாரிடமும் சல்லிக்காசு வாங்காதவன் ஹேமநாத். அந்த ஒரு வரி அவனைச் சுட்டது. பதில் எழுத உட்கார்ந்தான், எழுதி எழுதி அழித்தான்.

திருமலையில் பிள்ளைக்கு மொட்டை போட்டுவிட்டு வரிசையில் நின்றார்கள்.

"நம்பர் ஒன் கொணாந்தீங்களா?" என்றாள் பிரமிளா.

பையிலிருந்து கேசியோவை எடுத்துக் காட்டினான்.

"ம். வீடியோ பாத்தேன்." அதுவரை அவன் வீடியோ எதையுமே அவள் உட்கார்ந்து பார்த்ததில்லை. அவன் கேசியோவை மறுபடி பைக்குள் திணித்துக்கொண்டான்.

உண்டியல் அருகே "ஜரகண்டி, ஜரகண்டி" என்று தள்ளினார்கள். போட்டுவிட்டான். கை கூப்பக்கூட மனசு வரவில்லை, அவ்வளவு வெட்கம்.

இறங்கும் பஸ்ஸில், சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு பிள்ளை மடியில் சாய்ந்து ஒரு தும்மல் போட்டது. ஹேமநாத் சட்டென்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தான்.

"சூடு இல்ல," என்றாள் பிரமிளா. "மொட்டை போட்டா தும்மும்."

"இல்ல, சும்மா..."

"வேண்டிக்கினது நானு, வாட்ச்சு உங்களுது. புடுங்கிப் போட எனக்கு மனசு வரல. எது ஒசத்தின்னு நீங்க மாத்திச் சொன்னா பதினேழாயிரம் பேர் கேட்டுக்குவாங்க." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "நாளைக்குப் பாப்பாவுக்கு ஒண்ணுன்னா, இன்னா மூஞ்சி வெச்சிக்கினு திரும்பவும் மலையைப் பாப்பேன்?"

பஸ் ஒரு வளைவைத் தாண்டியது. ஹேமநாத் மறுபடி பிள்ளையின் நெற்றியைத் தொட்டான், பிறகு கழுத்தை, பிறகு உள்ளங்காலை. அடிவாரம் வருவதற்குள் எத்தனை தடவை தொட்டானோ, ஒரு தடவைகூடச் சுடவில்லை. தன் கையையே அவனால் நம்ப முடியவில்லை.