சாவி வீடு

இப்போது நாங்கள் இருக்கும் குடியிருப்பில் எதிர்வீட்டுக்காரர் பெயர்கூட எனக்குத் தெரியாது. நாலு வருஷமாகிறது. லிஃப்டில் பார்த்தால் சிரிப்பார், நானும் சிரிப்பேன், அவ்வளவுதான். குறை சொல்லவில்லை. குளியலறை வீட்டுக்குள்ளேயே இருக்கிறது, வாளியைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டியதில்லை. ஆனாலும் மனசு என்னவோ அடிக்கடி அந்தப் பழைய மாடிக்கே போய் நின்றுவிடுகிறது.

அது இரண்டாம் மாடி. நடுவில் நீளமாக ஒரு நடை, இரண்டு பக்கமும் ஐந்தைந்து கதவு, கடைசியில் எல்லோருக்குமாக இரண்டு குளியலறை. வீடு என்பது ஒரே ஓர் அறை, அதன் மூலையில் அடுப்பு. வாடகை குறைவு என்று வந்து சேர்ந்தவர்கள்தான் அத்தனை பேரும். வாடகைக்கு ஏற்ற மாதிரி சுவரும் மெல்லிசு. மூன்றாம் வீட்டில் யாராவது தும்மினால் ஏழாம் வீட்டிலிருந்து "நூறு" என்று வாழ்த்து வரும். ஒரு வீட்டு ரேடியோவில் பத்து வீடும் பாட்டுக் கேட்கும். டாக்ஸி டிரைவரும் அவர் மனைவியும் ராத்திரி சண்டை போட்டால், யார் பக்கம் நியாயம் என்பதற்கு மறுநாள் காலை வாளி வரிசையில் தீர்ப்பு தயாராக இருக்கும்.

எங்கள் வீடு படி ஏறியதும் முதல் கதவு. என் மனைவி வீட்டிலிருந்தபடியே சட்டைகளுக்குப் பட்டன் தைத்துக் கொடுத்தாள். அதனால் எப்போதும் வீட்டில் இருப்பாள். மற்ற வீடுகளில் புருஷன் ஒரு ஷிப்ட், பெண்டாட்டி ஒரு ஷிப்ட், பிள்ளைகள் பள்ளிக்கூடம். பூட்டு ஒன்று, ஆள் நாலு. கடைசியாகக் கிளம்புகிறவர் பூட்டிவிட்டுச் சாவியை என் மனைவியிடம் நீட்டுவார், முதலில் திரும்பி வருகிறவர் வாங்கிக்கொள்வார். எங்கள் கதவுக்குப் பின்னால் ஒரு பலகை, அதில் ஒன்பது ஆணி. எது யாருடையது என்று எழுதி வைத்ததே இல்லை. கரண்ட் போன நேரத்தில்கூடத் தடவிப் பார்த்தே சரியான சாவியை எடுத்துக் கொடுப்பாள்.

அந்தப் புண்ணியத்தில் எனக்கு 'சாவி வீட்டுக்காரர்' என்று பெயர். குளியலறை வரிசையில் "நீங்க முதல்ல போங்க" என்பார்கள். டிரைவர் எத்தனையோ தடவை என்னை அச்சகம் வரை சும்மா கொண்டுபோய் விட்டிருக்கிறார். அச்சகத்தில் நான் பைண்டர்; அங்கே என்னை யாரும் ஒரு பொருட்டாக மதித்ததில்லை. மாடியில் மட்டும் எள் என்றால் எண்ணெயாக நின்றார்கள். நான் சம்பாதித்த மரியாதை இல்லை அது, அவள் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்து சம்பாதித்தது.

அவளோ ஆறு வருஷமாக அந்த வாசலைவிட்டு நிம்மதியாக எங்கேயும் போனதில்லை. தங்கை வீட்டுக்குப் போனால்கூட, "நாலு மணிக்குப் பிள்ளைங்க வந்து நிக்கும்" என்று பாதிப் பேச்சில் எழுந்து ஓடிவருவாள். அப்படியிருக்கையில்தான் பட்டன் வேலை கொடுத்துக்கொண்டிருந்த கம்பெனியிலேயே அவளைச் செக்கிங்குக்குக் கூப்பிட்டார்கள். தைத்து வரும் சட்டைகளில் குறை பார்த்து ஒதுக்குகிற வேலை. "ஒரு நூல் பிசிறுகூட உன் கண்ணுக்குத் தப்பாதும்மா" என்று சூப்பர்வைசரே சொன்னாராம். அதை என்னிடம் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

"போயிட்டு வா" என்றேன். வாய்தான் சொன்னது. மதியம் ஒரு மணிக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடுகிறவன் நான். கதவு திறந்திருக்கும், உள்ளே அவள் இருப்பாள். அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை. வெளியே சொன்னால் அற்பமாகப் போய்விடுவேனே என்று அதையும் மென்று விழுங்கிவிட்டேன்.

ஒரு வாரம் முன்பே அவள் வீடு வீடாகப் போய்ச் சொன்னாள்: "திங்கக்கிழமைலேருந்து நான் இருக்கமாட்டேன். அவங்கவங்க சாவிய அவங்கவங்களே வச்சுக்குங்க." எல்லோரும் தலையை ஆட்டினார்கள்.

திங்கட்கிழமை காலை. புதுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்று தலைவாரிக்கொண்டிருந்தாள். முதலில் பக்கத்து வீட்டு வாட்ச்மேனின் மனைவி வந்தாள். நாலு வீட்டில் சமையல் வேலை, புருஷன் நைட் டியூட்டி முடிந்து வருவதற்குள் கிளம்பிவிடுவாள். வழக்கம்போல் பூட்டினாள், வழக்கம்போல் சாவியை நீட்டினாள். இவளும் வழக்கம்போல் வாங்கினாள். ஒரு கையில் சீப்பு, மனசெல்லாம் பஸ்ஸில்; சாவி பைக்குள் விழுந்தது. அடுத்து டிரைவர் மனைவி. அப்புறம் ஒவ்வொருவராக. "நல்லபடியா போயிட்டு வாம்மா" என்று வாழ்த்திக்கொண்டே நீட்டினார்கள். ஆறு வருஷப் பழக்கம். கொடுத்த கைக்கும் உறைக்கவில்லை, வாங்கிய கைக்கும் உறைக்கவில்லை. எனக்கு உறைத்தது. டீ டம்ளரோடு உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தேன். ஒன்பது.

ஒரு வார்த்தை போதும். சொல்லவில்லை. முதல் நாளே குழப்பமானால் தானாகவே வேலையை விட்டுவிடுவாள் என்று உள்ளே ஒரு கணக்கு. போதாக்குறைக்கு, "குடு, பஸ் ஸ்டாப் வரைக்கும் நான் தூக்கிட்டு வரேன்" என்று பையை வேறு வாங்கிக்கொண்டேன். அவளுக்கு அதில் எவ்வளவு சந்தோஷம் தெரியுமா.

பஸ் வருகிறதா என்று பார்க்க அவள் முன்னால் ஓடினாள். அந்த நேரம் பார்த்து வாட்ச்மேன் எதிரே வந்தார். ராத்திரியெல்லாம் முழித்த கண்.

"பை என்ன தம்பி, கலகலங்குது?"

"சாப்பாட்டு கேரியர்ண்ணே."

"ஓ" என்று சொல்லிவிட்டு மாடியைப் பார்த்து நடந்தார்.

மதியம் ஒரு மணிக்கு நான் வந்தபோது, தன் வீட்டு வாசலில் பேப்பரை விரித்து யூனிபாரத்தோடே படுத்திருந்தார். என் வீட்டைத் திறந்து உள்ளே படுக்கச் சொன்னேன். "இருக்கட்டும் தம்பி, இனிமே தூக்கம் வராது" என்றார். அவள் சமைத்து மூடி வைத்திருந்த சாப்பாட்டைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே மூடினேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது சும்மா இல்லை. சாயங்காலம் படி முழுக்க ஆட்கள். பிள்ளைகள் புத்தகப் பையோடு, பெரியவர்கள் காய்கறிப் பையோடு. நேரம் ஏற ஏறப் பேச்சிலும் சூடு ஏறியது.

ஆறரைக்கு அவள் மூச்சிரைக்கப் படியேறி வந்தாள். மதியம் சாப்பாடு எடுக்கப் பையைத் திறந்தபோதுதான் பார்த்தாளாம். கையில் போன் இல்லாத காலம். முதல் நாளே பர்மிஷன் கேட்கவும் தைரியமில்லை. சாப்பிடாமல், அழக்கூட முடியாமல், சட்டை சட்டையாகப் பார்த்துத் தள்ளியிருக்கிறாள். வந்ததும் பையைத் தரையில் கவிழ்த்தாள்.

"என் புத்திய செருப்பாலயே அடிக்கணும். நாளைலேருந்து நான் போகலை."

'போ' என்று யாரும் சொல்லவில்லை. நல்லவர்கள்தான். ஆனால் அவர்களுக்கும் வேண்டியது அதுதான். எனக்கும் அதுவேதான்.

வாட்ச்மேன் என்னைப் பார்த்தார். என் குட்டு உடைந்தது என்று நினைத்தேன். அவர் குனிந்து சாவிகளைப் பொறுக்கினார்.

"நாளைலேருந்து இதெல்லாம் எங்கிட்ட இருக்கட்டும். பகல்ல நான் வீட்டுலதானே கெடக்கேன்."

"நீங்க தூங்கற நேரம்ண்ணே அது" என்றாள் அவள்.

"வாட்ச்மேன் தூக்கம்தானேம்மா, கூப்பிட்டா முழிச்சுக்கும். நீ பாட்டுக்கு வேலைக்குப் போ." எல்லோரும் சிரித்தார்கள். அவர் என் பக்கம் திரும்பினார். "நாளைக்கு கேரியர் கொஞ்சம் கனம் கொறையும், தம்பி."

அவளுக்குப் புரியவில்லை. எனக்குக் காது வரைக்கும் சுட்டது.

அதற்குப் பிறகு ஐந்து வருஷம் அந்த மாடியில் இருந்தோம். மதியம் நானே கதவைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பேன். நடையில், "ஐயா, சாவி" என்று குரல் கேட்கும். இருமிக்கொண்டே அவர் எழுந்து வருகிற சத்தமும் மெல்லிசுச் சுவர் வழியாகக் கேட்கும். ஒரு மணி நேரத்தில் மூன்று தடவைகூட எழுந்ததுண்டு. ஒரு நாளும் அவர் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. அப்படி ஒரு மனுஷனை அதற்கப்புறம் நான் சந்திக்கவே இல்லை. ஒரு தடவை மனசு கேட்காமல், "அண்ணே, அன்னைக்கு..." என்று ஆரம்பித்தேன்.

"எங்கிட்ட எதுக்குத் தம்பி சொல்றீங்க?" என்று உள்ளே போய்விட்டார்.

யாரிடம் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியாதா? நாளைக்கு, நாளைக்கு என்று இருபத்தாறு வருஷம் ஓட்டிவிட்டேன். அவள் அதே கம்பெனியில் சூப்பர்வைசராகி, போன வருஷம் ஓய்வு பெற்றாள். நடுவில் ஸ்டோர் சாவிப் பொறுப்பைக் கொடுக்க வந்தபோது மட்டும், "எனக்கு சாவி வேணாங்க, நான் மறதிக்காரி" என்று மறுத்துவிட்டாள். ஒரு ஹால் நிறையத் தொங்கும் சட்டையில் ஒரு பட்டன் இறங்கியிருந்தால் கண்டுபிடிக்கிறவள் அவள். அந்தத் திங்கட்கிழமைக்குப் பிறகு, எங்கே கிளம்பினாலும் பையை மூன்று தடவை திறந்து பார்க்காமல் படி இறங்கியதில்லை.

போன ஞாயிறு தங்கை வீட்டுக்குக் கிளம்பினாள். இரண்டாவது தடவை பையைத் திறந்தபோது சொல்லிவிட்டேன்.

"அன்னைக்கு சாவியெல்லாம் உன் பையில விழுந்தத நான் பாத்துக்கிட்டுதான் இருந்தேன்."

செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஒன்பதும் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"அப்புறம் பையத் தூக்கிட்டும் வந்தீங்க."

"ஆமா. நீ வேலைய விட்டுடுவேன்னு நெனச்சேன்."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மடியில் திறந்து கிடந்த பையை அவள் இழுத்து மூடினாள்.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா," என்றாள், "இத்தனை வருஷம் நான் என்னை நம்பியிருப்பேனே."